வாடகை மறுத்த பெண்கள்: கிளாஸ்கோ 1915 – ஒரு பார்வை

ஓர் ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒன்றுகூடி, “ஏற்றிய வாடகையைக் கட்டமாட்டோம்; வீட்டையும் காலி செய்யமாட்டோம்” என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கும்?

வேலை நிறுத்தம் நமக்குப் புதிதன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் நடத்திய வேலை நிறுத்தத்தைப் பற்றி இதுபோன்ற மலர்களில் பலமுறை படித்திருக்கிறோம். வாடகை மறுப்பு வேறு வகையானது. நகரத்துத் தொழிலாளி வேலையை நிறுத்தினாலும் மாலையில் திரும்பிச் செல்ல அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. வாடகையை நிறுத்தியவனுக்கு அந்த வீடே பணயம். (தோட்டத்தில் இந்த இரண்டுக்கும் வேறுபாடே கிடையாது. வேலை போனால் லயத்து வீடும் போகும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

வீடற்றவர்களின் போராட்டங்களைப் படிக்கும்போது மூன்று சொற்கள் அடிக்கடி வருகின்றன. வாடகை மறுப்பு ஒன்று. காலியாகக் கிடக்கும் கட்டடத்திலோ நிலத்திலோ அனுமதியின்றிக் குடியேறுவது மற்றொன்று. நம் நாட்டில் அவ்வாறு வாழ்பவர்களைப் புறம்போக்குவாசிகள் என்றும் செத்திங்கான் என்றும் சொல்கிறோம். மூன்றாவது, குடியிருப்பவர்களே தங்கள் குடியிருப்பை நிர்வகிப்பது. இம்மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் பாட நூல்கள் பிரித்து வைக்கின்றன. வரலாற்றுப் பாடத்தின் ஆய்வேட்டிற்காக நான் படித்த வரையில் அப்படிப் பிரிப்பது சரியாகத் தோன்றவில்லை. குடியிருப்பவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் ஒரு நிர்வாகத்தை வைத்திருந்த இடத்தில்தான் வாடகை மறுப்பு வென்றது என்பது என் கருத்து. அதற்கு மிகத் தெளிவான சான்றாக நான் கருதுவது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம்.

கிளாஸ்கோவின் மாடிப்படிகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாஸ்கோ கப்பல் கட்டும் நகரம். கிளைடு ஆற்றின் இரு கரையிலும் கப்பல் பட்டறைகளும் இரும்பு ஆலைகளும் இருந்தன. தொழிலாளர்கள் குடியிருந்தவை ‘டெனமென்ட்’ எனப்பட்ட கல் கட்டடங்கள். மூன்று நான்கு மாடி உயரம். தெருவிலிருந்து உள்ளே செல்ல ஒரே நடை. அந்த நடையின் முடிவில் ஒரே படிக்கட்டு. ஒவ்வொரு மாடியிலும் இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு வீடுகள். ‘வீடு’ என்று சொன்னாலும் பலவற்றில் ஓர் அறைதான் உண்டு. சமையலும் உறக்கமும் அதற்குள்ளேயே. சுவரில் குடைந்த பள்ளத்தில் கட்டில் போட்டிருப்பார்கள். சற்று வசதியானவர்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையலறையும். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்து மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஓர் அறை அல்லது ஈரறை வீடுகளில் வாழ்ந்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் அப்படி வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேரே.

கழிப்பறை பல வீடுகளுக்குப் பொது. பின்முற்றமும் பொது. அங்கே துணி துவைக்க ஒரு கொட்டகை இருக்கும். அதில் வெந்நீர் அண்டா இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை வைத்திருந்தார்கள். துவைத்து முடித்தவர் கொட்டகைச் சாவியை அடுத்த முறைக்காரரிடம் கொடுக்க வேண்டும். படிக்கட்டைக் கழுவுவதற்கும் முறை உண்டு. இதையெல்லாம் நடத்தியவர்கள் பெண்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் வேலை போயிற்று, யாருக்கு வாடகை பாக்கி என்பதெல்லாம் அந்தச் சாவி கைமாறும்போதே தெரிந்துவிடும். இச்சிறிய செய்தியை நான் வேண்டுமென்றே விரிவாக எழுதுகிறேன். இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கட்சிகளிலிருந்தும் தலைவர்களிலிருந்தும் தொடங்குகிறார்கள். எனக்கு அந்தச் சாவியிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகப் படுகிறது.

வீட்டுக்காரரைக் குடித்தனக்காரர்கள் பார்ப்பது அரிது. வாடகை வாங்குவது, நோட்டீசு கொடுப்பது, வெளியேற்றுவது எல்லாம் ‘ஃபேக்டர்’ எனப்பட்ட முகவரின் வேலை. முதலாளி எங்கோ இருக்க, தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிந்தவர் கிராணியும் கங்காணியும்தான் என்ற தோட்டத்து நிலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

முன்பெல்லாம் வீட்டை ஆண்டுக் கணக்கில்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். தொழிலாளிக்கு அது பெருஞ்சுமை. அடுத்த ஆண்டு எங்கே வேலை கிடைக்கும் என்று தெரியாதவன் ஓராண்டுக்குக் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆகவே 1911இல் ஒரு சட்டம் வந்தது. சிறு வீடுகளை மாதக் கணக்கில் விட வழி செய்தது. சலுகை போலத் தோன்றிய இச்சட்டத்திற்கு மறுபக்கமும் இருந்தது. ஆண்டு நடுவில் வாடகையை ஏற்றுவதும், குடித்தனக்காரரை விரைவாக வெளியேற்றுவதும் இப்போது எளிதாகிவிட்டன. தொழிலாளிக்கு உதவும் என்று கொண்டுவந்த சட்டத்தாலேயே அவன் வீடு பறிபோகலாம் என்று அப்போது எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

போர் வந்தது, வாடகை ஏறியது

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கியது. ஆண்கள் பலர் போர்முனைக்குச் சென்றார்கள். அதே நேரத்தில் போர்க்கப்பலும் தளவாடமும் செய்ய ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கிளாஸ்கோவுக்கு வந்து குவிந்தார்கள். வீடு கட்டும் வேலை நின்றுபோயிற்று. ஆற்றோரத்தில் கோவன், பார்டிக் போன்ற பகுதிகளில் காலி வீடே இல்லை என்ற நிலை ஏற்பட்டது. வாடகை ஏறியது. ஒருமுறை ஏற்றியதோடு நிற்கவில்லை. சில மாதங்களில் மீண்டும் ஏற்றினார்கள். கட்ட முடியாவிட்டால் காலி செய். உன் வீட்டுக்கு வேறு ஆள் வரிசையில் நிற்கிறான் என்பதே ஃபேக்டரின் பதில்.

வீட்டில் இருந்தவர்கள் யார்? போர்முனையில் இருந்த சிப்பாயின் மனைவியும் பிள்ளைகளும். ஷெட்டில்ஸ்டன் பகுதியில் ஒரு குடும்பத்தை வெளியேற்ற முயன்றார்கள். கணவர் போரில் காயம்பட்டவர், மகன்களும் போர்முனையில். பாக்கித் தொகை ஒரு பவுண்டுகூட இல்லை. செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து வாசலை மறித்தார்கள். வெளியேற்றம் நடக்கவில்லை.

1914இலேயே கிளாஸ்கோ மகளிர் வீட்டுவசதிச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. மேரி லெயர்ட், ஹெலன் க்ராஃபர்ட், ஆக்னஸ் டோலன் ஆகியோர் அதில் முன்நின்றார்கள். கோவன் பகுதியில் முன்நின்றவர் மேரி பார்பர். நெசவாளர் வீட்டில் 1875இல் பிறந்து கம்பளத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கப்பல் பட்டறைத் தொழிலாளியின் மனைவி. 1915ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் கோவனில் வாடகை மறுப்புத் தொடங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வாடகையே கட்டமாட்டோம் என்று சொல்லவில்லை. பழைய வாடகையைக் கட்டத் தயார். ஏற்றிய தொகையைத்தான் மறுத்தார்கள். கோரிக்கை இப்படிச் சிறியதாக இருந்ததால், அதுவரை எந்தக் கூட்டத்திற்கும் போகாத குடும்பங்கள்கூடச் சேர முடிந்தது. கிளாஸ்கோவில் புராட்டஸ்டன்ட் மக்களுக்கும் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்களுக்கும் இடையே நெடுநாள் பகை இருந்தது. ஒரே படிக்கட்டில் இரு சாராரும் இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே ஃபேக்டர். வாடகை விஷயத்தில் அப்பகை பெரிதாகத் தலைதூக்கவில்லை.

கூட்டங்கள் சமையலறைகளிலும் பின்முற்றங்களிலும் நடந்தன. சன்னல்தோறும் அச்சிட்ட அறிவிப்பு ஒட்டினார்கள்: வாடகை உயர்வை எதிர்த்து மறுப்புச் செய்கிறோம், நாங்கள் காலி செய்யப்போவதில்லை என்பது அதன் பொருள். ஒரு தெருவில் எத்தனை சன்னல்களில் அது தெரிகிறதோ, அத்தனை துணிவு அடுத்த தெருவுக்கு. காவலுக்கும் முறை வைத்தார்கள். ஒருவர் கையில் மணியோடு நடையில் உட்கார்ந்திருப்பார். வெளியேற்றும் உத்தரவோடு நீதிமன்ற அலுவலர் (தமிழ்நாட்டில் அமீனா என்பார்கள்) தெருமுனையில் தலைகாட்டியதும் மணி ஒலிக்கும். சமைத்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடும், துவைத்துக்கொண்டிருந்தவர் ஈரத்துணியோடும், பிசைந்துகொண்டிருந்தவர் கை நிறைய மாவோடும் ஓடி வருவார்கள். குறுகிய படிக்கட்டில் அத்தனை பெண்களையும் தாண்டி மேலே போக எந்த அலுவலராலும் முடியவில்லை. மாவு பூசப்பட்டுத் திரும்பியவர்களைப் பற்றிய கதைகள் கோவனில் இன்றும் சொல்லப்படுகின்றன. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் பெண்களில் பலருக்குக் கணவர் பிழைத்து வருவாரா என்பதே தெரியாது. கையிலோ சிப்பாய்க் குடும்பத்துக்கான உதவித்தொகை மட்டும்.

அக்டோபர் மாதம் பெண்கள் பிள்ளைகளோடு நகர மண்டபத்துக்கு ஊர்வலம் போனார்கள். அரசாங்கமும் ஹண்டர் பிரபு, பேராசிரியர் ஸ்காட் ஆகியோர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. நவம்பருக்குள் மறுப்பில் இறங்கியோர் 20,000 வாடகைதாரர்களுக்கும் மேல் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

நவம்பர் 17

ஃபேக்டர்களும் பாடம் கற்றிருந்தார்கள். படிக்கட்டில் பெண்களை வெல்ல முடியாது என்று தெரிந்ததும் ஒருவர் வேறு வழியில் போனார். வெளியேற்றும் வழக்குப் போடாமல், சிறுகடன் நீதிமன்றத்தில் பாக்கிக்காக வழக்குத் தொடுத்தார். தீர்ப்புக் கிடைத்தால் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். இதற்கு யாரும் மாடி ஏறி வரவேண்டியதில்லை. மணியும் மாவும் பயன்படா. என் கணிப்பில் இப்போராட்டத்தின் உண்மையான திருப்பம் இதுதான். பெண்களின் வலிமை எட்டாத இடத்துக்குச் சண்டையைக் கொண்டுபோய்விட்டார் அந்த முகவர்.

ஆனால் சம்பளத்தில் கைவைக்கப் போய், அதுவரை பெரும்பாலும் பின்னால் நின்ற ஆண்களையும் அவரே தெருவுக்கு அழைத்து வந்துவிட்டார். 1915 நவம்பர் 17 அன்று 18 பேர்மீதான வழக்கு விசாரணைக்கு வந்தது. காலையிலிருந்தே கோவனிலிருந்து பெண்கள் ஊர்வலமாக வந்தார்கள். கப்பல் பட்டறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை விட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். வரும் வழியில் பள்ளிக்கூடத்திலிருந்த ஆசிரியர் ஜான் மெக்லீனையும் அழைத்து வந்தார்கள். அவர் போரை வெளிப்படையாக எதிர்த்தவர். வேலை நீக்க நோட்டீசு பெற்றிருந்தார். நீதிமன்றத்தைச் சுற்றி 10,000 பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். வழக்கை நடத்தினால் பட்டறைகள் நின்றுவிடும் என்று தொழிலாளர் சார்பில் உள்ளே சென்றவர்கள் நீதிபதியிடம் தெரிவித்தார்கள். போர்க்காலத்தில் கிளைடு பட்டறைகள் நின்றால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அன்றே வழக்குகள் கைவிடப்பட்டன.

அடுத்த மாதமே நாடாளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. சிறு வீடுகளின் வாடகை, போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் இருந்த அளவில் நிறுத்தப்பட்டது. கிளாஸ்கோவுக்கு மட்டுமல்ல, பிரிட்டன் முழுவதற்கும். போர் முடிந்து ஆறு மாதம் வரைதான் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் அது. வெவ்வேறு வடிவங்களில் 1980களின் இறுதிவரை அங்கே புதிய வாடகை ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பாடு நீடித்தது.

வெற்றிக்குப் பின்

வெற்றியோடு கட்டுரையை முடித்துவிட்டால் அது முழு உண்மையாகாது. 1920களில் கிளாஸ்கோவுக்கு அடுத்திருந்த கிளைடுபேங்க் நகரில் மீண்டும் வாடகை மறுப்பு நடந்தது. அதே படிக்கட்டுகள், அதே காவல் முறை. ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இப்போது போர் இல்லை. கப்பல் பட்டறைகளிலேயே வேலை இல்லை. தங்கள் உழைப்பு அவசரமாகத் தேவைப்படாத காலத்தில் தொழிலாளர்கள் மறுத்ததைக் கேட்க ஆள் இல்லை. பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கிளாஸ்கோவின் வெற்றியைப் புகழ்பவர்கள் கிளைடுபேங்கை மறந்துவிடுகிறார்கள்.

மேரி பார்பர் 1920இல் கிளாஸ்கோ நகர மன்ற உறுப்பினரானார். பொதுக் குளியலறை, சலவைக்கூடம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் என்று அவர் அங்கே பேசியதெல்லாம் அந்தப் பின்முற்றத்துச் செய்திகள்தாம். 1958இல் காலமானார். 2018 மார்ச் 8ஆம் நாள் கோவனில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. ஊர்வலத்தின் முன்னால் அவர் நடப்பது போலவும், பின்னால் மக்கள் வருவது போலவும் அச்சிலையை அமைத்திருக்கிறார்கள்.

வாடகைக் கட்டுப்பாடு நம் பக்கமும் வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றத்தில் 1917இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மீண்டும் கட்டுப்பாடு வந்தது; மலேசியாவில் அது 1966ஆம் ஆண்டுச் சட்டமாகி, போருக்கு முற்பட்ட பழைய கட்டடங்களில் குடியிருந்தவர்களைப் பாதுகாத்தது. 1997இல் அதை நீக்க முடிவாயிற்று. 1999 டிசம்பர் 31உடன் முடிவுக்கு வந்தது. சிங்கப்பூரில் 2001இல் நீங்கியது. ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தன. இன்று அக்கடைவீடுகள் பலவற்றில் தங்கும் விடுதிகளும் காப்பிக்கடைகளும் இருக்கின்றன. அழகாக இருக்கின்றன, நானும் படம் எடுத்திருக்கிறேன். மேலே யார் இருந்தார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

காலி முகாம்களில் குடியேறியவர்கள்

இனிக் குடியேற்றத்துக்கு வருவோம். கிளாஸ்கோ நிகழ்ச்சிக்கு 30 ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரம். குண்டுவீச்சில் வீடுகள் லட்சக்கணக்கில் சேதமடைந்திருந்தன. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் மாமியார் வீட்டு ஓர் அறையில் மனைவி பிள்ளைகளோடு ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே இராணுவ முகாம்கள் காலியாகக் கிடந்தன. 1946 மே மாதம் ஸ்கன்தார்ப் என்ற ஊரில் திரையரங்கில் படம் ஓட்டும் வேலை செய்த ஒருவர் தம் குடும்பத்தோடு ஒரு முகாமுக்குள் குடிபோனார். செய்தி பரவியது. எந்தக் கட்சியும் அழைக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபருக்குள் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1,038 முகாம்களில் 39,535 பேர் குடியேறியிருந்ததாக அரசாங்கமே கணக்குச் சொன்னது. ஸ்காட்லாந்தில் மேலும் சுமார் 7,000 பேர்.

போனவர்கள் முதலில் செய்தது என்ன? குழு அமைத்தார்கள். பெரிய கொட்டகை பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பத்துக்கு, சிறியது பிள்ளையில்லாத தம்பதிக்கு என்று தாங்களே பிரித்துக்கொண்டார்கள். பொதுச் சமையல், பொதுச் சலவை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முறை எல்லாம் வந்தன. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் காசு பிரித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இலண்டனில் பணக்காரர் பகுதியில் காலியாக இருந்த அடுக்குமாடிக் கட்டடத்திலும் குடும்பங்கள் நுழைந்தன. அதற்கு மட்டும் அரசாங்கம் கடுமை காட்டியது. முன்நின்ற ஐவரைக் கைது செய்தது. குடியேறியவர்கள் இரண்டு வாரத்துக்குள் வெளியேறினார்கள். முகாம்களை ஏன் விட்டுவிட்டது? அவை ஊருக்கு வெளியே, யாருக்கும் தேவையில்லாமல் கிடந்தவை. நிலத்தின் மதிப்பைப் பொறுத்துத்தான் இரக்கத்தின் அளவும் இருந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

முகாம்களைப் பின்னர் நகராட்சிகள் எடுத்துக்கொண்டு வாடகை வாங்கத் தொடங்கின. கோலின் வார்டு என்ற எழுத்தாளர் குறிப்பிடும் ஒரு செய்தியை என்னால் மறக்க முடியவில்லை. லங்காஷயரில் ஒரு முகாமில் இரு வகைக் குடும்பங்கள் அருகருகே இருந்தன: 1946இல் தாமாகக் குடியேறியவர்கள், பின்னர் நகராட்சியால் அங்கே அனுப்பப்பட்டவர்கள். முன்னவர்கள் தடுப்புச் சுவர் எழுப்பி, வண்ணம் பூசி, தோட்டம் போட்டிருந்தார்கள். பின்னவர்களுக்கு நகராட்சியின் உதவி கிடைத்திருந்தும் அவர்கள் கொட்டகைகள் பொலிவின்றியே இருந்தன. பின்னவர்கள் சோம்பேறிகள் என்று பொருளல்ல. ஒருவர் ‘இது எனக்கு வாய்த்தது’ என்று காத்திருந்தார். மற்றவர் ‘இது நான் பிடித்தது’ என்று வேலை செய்தார்.

நம் கம்பங்கள்

இச்செய்தியைப் படித்தபோது எனக்கு என் பாட்டி நினைவுக்கு வந்தார். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது லயத்து வீட்டை இழந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் இரயில் பாதையோரப் புறம்போக்கு நிலத்தில் பலகையும் தகரமும் கொண்டு வீடு கட்டியவர்களில் என் தாத்தாவும் பாட்டியும் உண்டு. நகரத்தார் கண்ணுக்கு அது ஒழுங்கற்ற செத்திங்கான் கம்பம். உள்ளே ஒழுங்கு இருந்தது. ஒரே தண்ணீர்க் குழாய்க்கு வீடு வாரியாக நேரம். பில்லை ஒருவர் வாங்கி, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார். கோயில் திருவிழாவுக்கு வரி வசூலித்த அதே நோட்டுப் புத்தகத்தில்தான் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை நாற்காலி போயிற்று என்பதும் இருக்கும். அப்பா இன்னும் அதை வைத்திருக்கிறார்.

அந்த வாழ்க்கையை நான் புகழ வரவில்லை. வெள்ளம் வந்தால் பாத்திரங்கள் மிதந்தன. தீப்பிடித்தால் வரிசையே போகும். 2001 மார்ச்சில் கம்போங் மேடானிலும் சுற்றியுள்ள ஏழைக் குடியிருப்புகளிலும் நடந்த கலவரத்தில் உயிர்கள் போயின. 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலம் என்ற இலக்கைச் சிலாங்கூர் அறிவித்தபோது வீட்டார் மகிழ்ந்தார்கள் என்றே அம்மா சொல்கிறார். யாருக்குத்தான் கல் வீடு வேண்டாம்?

முதலில் நீண்ட வீடு. அதாவது ரூமா பாஞ்சாங். இரண்டு ஆண்டு என்றார்கள், எட்டு ஆண்டு ஆயிற்று. பின்னர் 17 மாடி மலிவு வீடு. மாடி எண்ணைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். நேர்மையான முறை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குழாயடியில் முறை வைத்து வாழ்ந்த நாற்பது குடும்பங்கள் நான்கு கட்டடங்களில், எந்தெந்த மாடியிலோ சிதறிப்போனார்கள். நோட்டுப் புத்தகத்தை வைத்திருந்தவர் ஒரு கட்டடத்தில், திருவிழாத் தலைவர் இன்னொன்றில். “முன்ன கூப்பிட்டா பத்து பேரு வருவாங்க, இப்ப மின்தூக்கி வேலை செஞ்சாத்தான் ஒருத்தர் வர்றாங்க” என்பார் பாட்டி. கிளாஸ்கோவின் துவைக்கும் கொட்டகைச் சாவியைப் பற்றி நான் ஏன் அவ்வளவு எழுதினேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இன்று எங்கள் கட்டடத்தைக் குடியிருப்பவர்களே நிர்வகிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2007இல் வந்த சட்டமும் அதற்குப் பதிலாக 2013இல் இயற்றப்பட்ட அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் அவ்வுரிமையை நமக்குக் கொடுத்திருக்கின்றன. வீட்டு உரிமையாளர்கள் ஆண்டுக் கூட்டம் கூட்டி, குழுவைத் தேர்ந்தெடுத்து, பராமரிப்புக் கட்டணத்தை முடிவு செய்யலாம். கோவன் பெண்கள் இந்த உரிமையைக் கண்டதில்லை. ஆனால் எங்கள் கூட்டத்துக்கு வருபவர்கள் எத்தனை பேர்? பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம். அரை மணி நேரம் காத்திருந்தும் வராவிட்டால் வந்தவர்களை வைத்து நடத்தலாம் என்று அச்சட்டமே வழிவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் எங்கள் கூட்டம் தொடங்குகிறது. சென்ற ஆண்டு வந்தவர்கள் 14 பேர். பலர் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. அதை வாடகை மறுப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மறுப்பவர் முன்வந்து சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து மறுக்கிறார். இங்கே ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாகக் கட்டாமல் இருக்கிறோம். கட்டணம் வராததால் மின்தூக்கி பழுதாகிறது. மின்தூக்கி பழுதானதால் கட்டணம் வருவதில்லை.

ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தபோது இதை அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதைவிட மாடிக்கு ஒருவரைப் பிடிப்பது சுலபம் என்றார். மின்தூக்கி நின்றால் யாரைக் கூப்பிடுவது, நடக்க முடியாத முதியவர் எந்த வீட்டில், யாருக்குச் சாமான் வாங்கி மேலே கொண்டுபோக வேண்டும் என்ற அளவில் தொடங்கலாம் என்பது அவர் யோசனை. கட்டணப் பேச்சு அப்புறம். பழைய நோட்டுப் புத்தகத்தின் எஞ்சிய பக்கங்களில்தான் பெயர் எழுதுகிறோம். 17 மாடிகளில் இதுவரை ஒன்பதுக்கு ஆள் கிடைத்திருக்கிறது. ஒன்பதில் ஏழு பேர் பெண்கள்; இருவர் பாட்டியோடு குழாயடியில் முறை வைத்திருந்தவர்களின் மகள்கள்.